மூன்றாம் தொட்டி

பின்பக்கக் கதவு மூடிவிட்டது என்று வாக்கிடாக்கி சொல்கிறது. நான் அணியத்தில், கப்பலின் முன்மூக்கில் நிற்கிறேன். அந்தக் கதவு எனக்கு இருநூறு மீட்டர் பின்னால், அறைகளுக்கும் புகைபோக்கிக்கும் அப்பால் இருக்கிறது, திரும்பினாலும் தெரியாது, நான் திரும்பவும் இல்லை. இரண்டு இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றும் ஐந்தாறு மாடி உயரம், நடுவில் வந்து ஒன்றையொன்று முட்டும்போது பெரிய சத்தம் எதுவும் வராது, தூங்குகிறவன் புரண்டு படுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கடல் வெளியே நின்றுவிட்டது. இனி இந்த முதல் தொட்டி நிறையும், கப்பல் இருபத்தெட்டு அடி ஏறும், பிறகு இரண்டாம் தொட்டி, பிறகு மூன்றாவது, அதைத் தாண்டினால் ஏரி. எனக்கு வேலை கிடையாது. மற்றத் துறைமுகங்களில் வடம் கொடுப்பதும் இழுப்பதும் எங்கள் பாடு; இந்தப் பனாமாவில் மட்டும் அவர்கள் ஆட்களே பத்துப் பேர் ஏறி வந்து எல்லாவற்றையும் செய்கிறார்கள், ஐம்பத்தொன்பது வயதுப் போசன், தளத்து ஆட்களுக்குத் தலைவன், கையுறையை மாட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பது நல்லதில்லை. சட்டைப்பையில் போன் கிடக்கிறது. போனுக்குள் ஜெனோவா கிடக்கிறாள், என் அக்கா மகள், காலையில் அவள் குரலை மூன்று தடவை கேட்டுவிட்டேன், நான்காம் தடவை கேட்காமலேயே காதுக்குள் ஓடுகிறது. மாமா, அப்பாவுக்கு எட்டு மணிக்குத் தொண்டையில குழாய் போடப் போறாங்களாம், போட்டா பொறவு பேச்சு இல்லையாம், ஒருவேளை கண்ணே முழிக்க மாட்டாங்களாம், அம்மா சொல்லச் சொன்னா, நீங்க மன்னிச்சேன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்னு. ஊரில் இரவு எட்டு என்றால் இங்கே காலை ஒன்பதரை. இப்போது எட்டேகால். மன்னிச்சேன். ஒரு வார்த்தைதான். யாரை என்று கூடச் சொல்ல வேண்டாம், பங்கிராஸ் என்ற பெயரை வாயில் எடுக்க வேண்டாம், இருபத்திரண்டு வருஷமாக எடுக்காத பெயர். வடம் இழுப்பதைவிட லேசு. பட்டனை அழுத்தி, சொல்லி, விரலை எடுத்தால் முடிந்தது, அக்கா அழுவாள், மாதா கோயில் சாமியார் தலையை ஆட்டுவார், அவன் நிம்மதியாகக் குழாயை விழுங்குவான். ஏன் காலையிலேயே சொல்லவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டீ குடித்தேன். பிறகு கால்வாயில் வழிகாட்டும் பைலட் ஏறிவிட்டார்.

தண்ணீர் ஏறுகிறது. கப்பல் ஏறுவது காலுக்குத் தெரியாது. பக்கத்துச் சுவரைப் பார்த்தால்தான் தெரியும், பாசி பிடித்த கறுப்புச் சுவர் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும், நாம் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி. அந்த இரண்டடியை நான் பார்ப்பதில்லை. கண்ணை மேலே வைத்துக்கொள்கிறேன், சுவர்மேல் தண்டவாளத்தில் நிற்கிற இழுவை எஞ்சின்களில். பக்கத்துக்குப் பக்கம் கம்பிவடம் கட்டிக் கப்பலை நடுவில் பிடித்துக்கொண்டு நிற்கும், அதற்குக் கோவேறு கழுதை என்று பெயர், எங்கள் ஆட்கள் சுருக்கமாகக் கழுதை என்பார்கள். அடியில், தொட்டியின் தரையில், நூறு ஓட்டைகள். சுவருக்குள்ளே ரயிலே போகிற அளவுக்குக் குகை மாதிரிக் குழாய்கள், அதிலிருந்து கிளை பிரிந்து தரைக்கடியில் ஓடி, ஓட்டை ஓட்டையாகக் கிளம்பி வருகிறது தண்ணீர், மேலே குமிழ் குமிழாகப் புரளும், உலை கொதிக்கிற மாதிரி. பம்பு கிடையாது. ஏரி மேலே இருக்கிறது, தொட்டி கீழே இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். இதெல்லாம் எனக்கு யார் சொன்னது. அவன்தான். ஐந்தாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன் நான், அவன் பத்து வரை படித்தவன், என் அக்கா புருஷன், எனக்கு ஆறு வயது மூத்தவன், இருபத்திரண்டு வருஷம் முன்னால் நான் இருந்த கப்பலில் ஸ்டோர் பொறுப்பு அவனுக்கு. நாங்கள் மூன்று பேரும் ஒரே கப்பலில் இருந்தோம், அவன், நான், என் தம்பி கயித்தான். இதே வாசலுக்கு வெளியே, கொலோன் நகருக்கு எதிரே இரண்டு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். சாப்பாட்டு மேஜையில் நான்தான் வாயைக் கொடுத்தேன். ஒரு கடல் உயரம், ஒரு கடல் பள்ளம், கதவு இல்லாவிட்டால் அந்தக் கடல் இந்தக் கடலில் கொட்டி உலகம் முழுகிப் போகும் என்றேன். கொச்சியில் ஒரு கிழவர் எனக்குச் சொன்னது. பங்கிராஸ் சோற்றுக் கையோடு சிரித்தான். இரண்டு தகரக் குவளையை எடுத்து வைத்து, நடுவில் தட்டைக் கவிழ்த்து வைத்து, ரெண்டு கடலும் ஏறக்குறைய ஒரே மட்டந்தாம்ல, அந்தப் பக்கம் ஒரு சாண் கூட இருக்கும், ஒரு சாணுக்கா இம்புட்டுப் பெரிய கதவு செய்வான், நடுவுல இருக்கது மலைல, என்றான். மலையை முழுக்க வெட்ட முடியவில்லை, அதனால் ஓர் ஆற்றை மறித்து மலைமேல் ஏரி கட்டினார்கள், கப்பல் மூன்று படி ஏறி ஏரிக்குப் போகும், ஏரியைக் கடந்து அந்தப் பக்கம் மூன்று படி இறங்கும். அந்தப் பக்கத்துக் கடலில் ஓதம் மூன்று ஆள் உயரம் ஏறி இறங்கும், இந்தப் பக்கம் முழங்கால்கூட வராது, எது எப்படி இருந்தாலும் கதவுகள் சமாளித்துக்கொள்ளும். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினெட்டுப் பேர் முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கயித்தான்தான் அதிகமாகச் சிரித்தான், மேஜையில் தலையை வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு இரண்டு நாள், நான் எந்தப் பக்கம் போனாலும் ஒருவன் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் பிடித்துக் காட்டினான்.

முன்கதவு திறக்கிறது. தண்ணீர் இரண்டு பக்கமும் மட்டமாகிவிட்டது. கழுதைகள் மணியடித்துக்கொண்டு நகர்கின்றன, கம்பிவடம் முறுகுகிறது, கப்பல் இரண்டாம் தொட்டிக்குள் போகிறது. மணி எட்டு நாற்பது. நான் மறப்பவன் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் எனக்கு முறை வந்த கப்பல் வேலையைத் தட்டிப் பறித்துக்கொண்டு போன தெரேஸ்பிள்ளையின் முகம் இன்னும் அப்படியே இருக்கிறது, அவன் செத்துப் பன்னிரண்டு வருஷம். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று என்னைப் பின்வரிசைக்குத் தள்ளிய சிஸ்டர் பெயரும் தெரியும். ஆனால் அதெல்லாம் கொசு கடித்த மாதிரி. இது வேறு. சங்கிலி. கப்பலின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பியில் ஒரு வாசல் உண்டு, இவர்கள் ஆட்கள் ஏறி வருவதற்காக அதைத் திறந்து விடுவோம், ஏறி முடிந்ததும் குறுக்கே சங்கிலி மாட்ட வேண்டும். மாட்ட வேண்டியவன் பங்கிராஸ். மாட்டவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் என் தம்பி விழுந்தான். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அவனே கேப்டன் முன்னால் ஒப்புக்கொண்டான், சங்கிலி என் வேலை சார், நான் மாட்டவில்லை என்று. அதோடு அவனுடைய கப்பல் பிழைப்பு முடிந்தது, எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை, ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்தான், அந்தக் குளிரில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான். அதற்கு நான் என்ன செய்வது. அம்மா சாகும்வரை அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சாகக் கிடந்தபோது அவன் கரண்டியில் தண்ணீரோடு வந்தான், அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கோயிலில் அவன் வலது பக்கம் உட்கார்ந்தால் நான் இடது பக்கம். ஜெனோவா கலியாணத்துக்குத் தாய்மாமன் மாலை எடுக்க வேண்டும். நான் சூயஸ் கால்வாயில் இருந்தேன், வேண்டுமென்றே அந்தத் தேதியில் கப்பல் ஏறினேன். சூயஸில் தொட்டி கிடையாது, கதவு கிடையாது, மணலை வெட்டினார்கள், இரண்டு கடலும் சேர்ந்துகொண்டன, அவ்வளவு லேசு. அக்காவுக்கு மட்டும் தவறாமல் பேசுவேன். ரீத்தம்மாள், என் அக்கா, எங்கள் இருவரையும் இடுப்பில் மாறி மாறித் தூக்கியவள். நான் போன் செய்கிறபோது அவன் வீட்டில் இருந்தால் வெளியே போய்விடுவான், கதவுச் சத்தம் கேட்கும். அவள் ஒரு நாளும் அவனுக்காகப் பரிந்து பேசியதில்லை. சாப்பிட்டியால, மெலிஞ்சிட்டியா, இதுதான் பேச்சு. ஒரு தம்பியை விழுங்கின புருஷனுக்கும், புருஷனோடு பேசாத தம்பிக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷம் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் முதல் தடவையாக ஒன்று கேட்கிறாள்.

எலாடியோ காபி கேட்கிறான். இந்தப் பத்துப் பேருக்கும் அவன்தான் மேஸ்திரி, என் வயது இருக்கும், முப்பது வருஷமாகக் கப்பல் ஏறி இறங்குகிறவன், பற்களில் பாதி தங்கம். அவன் ஆட்கள் வடம் மாட்டிய கையோடு நிழல் பார்த்து அட்டையை விரித்துப் படுத்துவிட்டார்கள். பிளாஸ்கைக் கொடுத்தேன். காபி ஆறிவிட்டது, உங்கள் கப்பல்களில் காபியை மருந்து மாதிரிக் காய்ச்சுகிறீர்கள், போன வாரம் கிரேக்கக் கப்பலில் கேக் கொடுத்தார்கள் என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு குவளை குடித்தான். நூடுல்ஸ் பாக்கெட் இருக்கிறதா என்றான். இது எத்தனையாவது தடவை என்று கேட்டான். ஆறு என்று விரலைக் காட்டினேன். கடைசியா என்றான். ஆமாம், இந்த ஒப்பந்தத்தோடு இறங்குகிறேன். அப்படியானால் ஏன் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறாய், வீட்டுக்குப் போ, பெண்டாட்டியைச் சண்டைக்கு இழு என்றான். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவனுக்கு என்ன தெரியும். பெண்டாட்டி போய் ஒன்பது வருஷம். ஆறு தடவையில் அந்த ஒரு தடவையும் இந்தத் தடவையும் போக மற்ற நாலு தடவையும் நான் பின்பக்கம்தான் நின்றேன், கேட்டு வாங்கிக்கொண்டு, தொட்டி தாண்டுகிறவரை வடச் சுருளைப் பார்த்துக்கொண்டு. இந்தத் தடவை சீஃப் ஆபீசர் ஹர்மீத், அந்தப் பஞ்சாபிப் பையன், அனுபவசாலி முன்னால்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். பின்கதவு மூடியாகிவிட்டது. இரண்டாவது தொட்டி நிறைகிறது. இந்த இடத்தில்தான் வாசனை மாறும். கடல்வாடை குறையும், பாசியும் சேறும் கலந்த ஒரு குளத்து வாடை வரும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரித் தண்ணீரைக் கீழே இறக்கி இறக்கி, தொட்டிக்குத் தொட்டி உப்பு குறைந்துகொண்டே வரும், மூன்றாவது தொட்டியில் நல்ல தண்ணீர். கப்பலும் அதை அறியும், உப்புத் தண்ணீர் தாங்குகிற அளவுக்கு நல்ல தண்ணீர் தாங்காது, ஏரியில் ஓரடி கூடுதலாக அமிழ்ந்துதான் போகும், சரக்கு ஏற்றும்போதே அதற்குக் கணக்குப் பார்த்து ஏற்ற வேண்டும். அந்தப் பழைய கப்பலில் கடல்தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்கும் மெஷின் கெட்டுப்போய்ப் பதினேழு நாள். ஆளுக்கு நாளுக்கு ஒரு வாளி, குடிக்க, துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும். கடல்தண்ணீரில் குளித்துக் குளித்துக் கழுத்தும் அக்குளும் வெடித்துப்போயிருந்தது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது, வேறு எந்த ஊர்க்காரனும் செய்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் தொட்டி நிறைந்ததும் வாளியில் கயிற்றைக் கட்டி ஓரத்தில் இறக்கி மொண்டுகொள்வது. நல்லதண்ணித் தொட்டி என்றே அதற்குப் பெயர். கையும் களவுமாகப் பிடித்தால் ஆபீசர்கள் ஏசுவார்கள், ஏசிவிட்டு அவர்களும் ஒரு வாளி கேட்பார்கள். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொதி அடங்குகிறவரை வாளியை இறக்கக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

மணி ஒன்பது அடித்துச் சில நிமிஷம். மூன்றாம் தொட்டிக்குள் வந்துவிட்டோம். வாக்கிடாக்கியில் ஹர்மீத் ஏதோ கேட்டான், எல்லாம் சரி என்றேன். எல்லாம் சரி. வலது பக்கச் சுவர், முன்கதவிலிருந்து மூன்றாவது விளக்குக் கம்பம். அந்தக் கம்பத்தை மாற்றவே இல்லை. பார்க்க மாட்டேன் என்று வைத்திருந்தேன், பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை, கம்பம், அதன்மேல் ஒரு கறுப்புப் பறவை. பேய் பிசாசு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கப்பல் இந்தத் தொட்டிக்குள் வந்து நின்றதும், இந்த இரும்பிலும் இந்தச் சுவரிலும், எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் வாளி தட்டுகிறது. டொக். பிறகு இல்லை. பிறகு டொக். எலாடியோ காதில் விழுகிறதா என்று பார்த்தேன், அவன் பல்லைக் குத்திக்கொண்டிருக்கிறான். சங்கிலி. சங்கிலி மாட்டியிருந்தால் இடுப்பில் தட்டி நின்றிருப்பான். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அம்மாவிடம், சாமியாரிடம், மாதா படத்திடம். சங்கிலி மாட்டியிருந்தால் நின்றிருப்பான், சரி, வாளி எதற்கு. இந்த இடத்தில்தான் எப்போதும் திருப்பிவிடுவேன். பெண்டாட்டி ஒரு தடவை கேட்டாள், அவர் ஏன் அந்நேரம் ஓரத்துக்குப் போனாரு என்று. கோபப்பட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. வாளி எதற்கு. கொதி அடங்கவில்லையே, அதற்குள் வாளி எதற்கு. கயித்தானுக்குத் தண்ணீர் வேண்டாம், அவன் அன்று காலையிலேயே தன் பங்கில் குளித்துவிட்டான், தலைமுடி படிய வாரியிருந்தான், அந்த முகம் எனக்குத் தெரிகிறது. வாளி என்னுடையது. பச்சை வாளி, காதில் கம்பி போட்டுக் கட்டியது. என் காவல் முறை முடியப் பத்து நிமிஷம் இருந்தது, அடுத்த காவலுக்காரன் வருவதற்குள் ஒரு வாளி மொண்டு வைத்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டு படுக்கலாம். கயித்தா, போய் மோந்து வையில என்றேன். பங்கிராஸ் வடம் இழுக்கும் விஞ்சு மெஷின் பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். பொறுங்கல, கொதி அடங்கட்டும் என்றான். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, அது சரியான பேச்சு. சரியான பேச்சாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் சாண் பிடித்துக் காட்டிய கைகள் எல்லாம் கண்ணுக்குள் நின்றன. நான் கையைத் தூக்கிப் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தேன். இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்காம்ல, எஞ்சினீரு சொல்றாரு. நீ அவரு சொல்றதக் கேட்டுட்டு நில்லு, நான் உப்போடயே சாவுறேன். கயித்தான் ரெண்டு பேரையும் பார்த்தான். அண்ணனா மச்சானா என்று ஒரு நொடி பார்த்தான், இப்போதும் அந்த ஒரு நொடிதான், மற்றதெல்லாம் பிறகு வந்தது. சிரித்துக்கொண்டு வாளியை எடுத்தான், சங்கிலி இல்லாத அந்த வாசலுக்குப் போனான், கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினான், அப்போதுதான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்ட முடியும். அடியிலிருந்து கிளம்பிய தண்ணீர் வாளியைப் பிடுங்கியது. கப்பல் லேசாக, ரொம்ப லேசாக, சுவர்ப்பக்கம் சாய்ந்தது. அவன் கத்தவில்லை. அந்த இரண்டடிக்குள் அவன் போனதை நான் பார்க்கவில்லை, பங்கிராஸ்தான் பார்த்தான், அவன்தான் ஓடினான், அவன்தான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பின்பக்கம் எடுத்தார்கள். கடலில் பிறந்து வளர்ந்தவனை நல்ல தண்ணீர் தாங்கவில்லை.

கேப்டன் அறையில் விசாரித்தார்கள். அவனை வாளி எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். பங்கிராஸ் என்னைப் பார்த்தான். நான் என் கால்களைப் பார்த்தேன், வலது பூட்ஸில் ஒரு கயிறு இல்லை. யாரும் சொல்லவில்லை சார் என்றான் பங்கிராஸ், அவனாகத்தான் போனான், சங்கிலி என் வேலை, நான் மாட்டவில்லை. எழுதிக்கொண்டார்கள். என்னைக் கேட்டார்கள், தலையாட்டினேன். அன்று தொடங்கியது, அவன்மேல் எனக்குள்ள கோபம். இதை எப்படிச் சொல்வது, அவன் காட்டிக்கொடுத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அடித்திருப்பேன், அழுதிருப்பேன், ஊரைவிட்டுப் போயிருப்பேன், ஏதோ ஒன்று. அவன் பேசாமல் இருந்தான். கோயிலில் எதிர்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா உதட்டை இறுக்கியபோதும் கரண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு பேசாமல் போனான். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. குற்றம் உள்ள நெஞ்சு, வாயைத் திறக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவனைப் பற்றித்தான் சொன்னேன். இப்போது அவனை நான் மன்னிக்க வேண்டுமாம். மன்னிச்சேன் என்று சொன்னால் அக்காவுக்கு மனசு ஆறும். எனக்கு ஒரு அக்கா மிச்சம் இருக்கும். இறங்கிப் போனால் அவள் வீட்டுப் பக்கத்தில்தான் அறை பார்த்திருக்கிறேன், அவள் கையால் சாப்பிட. பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, அந்த ஒரு தட்டுச் சோறுதான். மற்றதைச் சொன்னால் அதுவும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் நல்லது. அவன் நெஞ்சுக்குள் மட்டும் ஒரு கல் கிடக்கும், அதோடு மூடிவிடுவார்கள், கிடந்துவிட்டுப் போகட்டும், இருபத்திரண்டு வருஷம் கிடந்தது. முன்னால் கதவைப் பார்க்கிறேன். ஏரிப் பக்கம் வளைந்து, கூப்பிய கைகள் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீர்தான் அதைச் சாத்தி வைத்திருக்கிறது, பூட்டுக் கிடையாது, எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கம். ரெண்டு பக்கமும் மட்டமாகாம ஆண்டவரே வந்து தள்ளினாலும் தொறக்காதுல என்று சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினான் அவன். மட்டமாகிவிட்டால் ஒரு சின்ன மோட்டார் போதும். ஒன்பது இருபது.

போனை எடுத்தேன். வேலை இடத்தில் போன் எடுக்கக் கூடாது, ஹர்மீத் தூரத்திலிருந்து பார்த்தால் எழுதி வைப்பான். எலாடியோ என் முகத்தைப் பார்த்தான். எழுந்து வந்து எனக்கும் கப்பலை ஓட்டுகிற மேல்மாடத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், நல்ல அகலமான முதுகு. ஜெனோவா உடனே எடுத்தாள், மாமா மாமா என்றாள், இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லை, அம்மா இங்கேதான் இருக்கிறாள், ஸ்பீக்கரில் போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், போட்டுவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்டது. மாஸ்க்குக்குள் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம், இழுத்து, நிறுத்தி, இழுத்து. இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடமிருந்து நான் கேட்கிற முதல் சத்தம். தம்பி வந்துட்டான், சொல்லு ராசா, காதுல விழுது அவருக்கு, சொல்லு என்றாள் அக்கா. மச்சான் என்றேன். மூச்சு ஒரு கணம் நின்றது. மன்னிச்சேன் என்றுதான் வாயைத் திறந்தேன், நிச்சயமாக அதற்குத்தான் திறந்தேன். நாக்கு அந்த வார்த்தையில் ஏறவில்லை.

"மச்சான், அந்த வாளி என்னோடது. நாந்தான் அவன அனுப்புனேன். நீ பொறுக்கச் சொன்ன, நான் கேக்கல."

 இங்கே தண்ணீர் ஏறி முடிந்து, சுவர் அசையாமல் நின்றுவிட்டது. அங்கே மாஸ்க்கை விலக்குகிற சத்தம், நர்ஸ் யாரோ எடுக்காதீங்க என்கிறாள். பிறகு அவன் குரல். அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை, காற்றும் சளியுமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"ஏம்ல சொன்ன. அவளுக்கு ஒரு தம்பியாச்சும் மிஞ்சட்டும்னுதானல இருந்தேன்."

கோபமாகத்தான் சொன்னான். எனக்கு அது புரிந்தது. தன் பெயரையும் பிழைப்பையும் நெஞ்சையும் கொடுத்து அவன் கட்டி வைத்திருந்த ஒன்றை, கடைசிப் பத்து நிமிஷத்தில் நான் உடைத்துப் போட்டுவிட்டேன். மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். மறுபடியும் அந்த மூச்சு. அக்கா என்றேன்.  அக்கா என்றேன் மறுபடியும். அவள் கரண்டிக்கு உதட்டை இறுக்கிய அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பாளா, ஐஸ் கட்டி உடைத்த கைகளையா, நான் போன் செய்யும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்ற ஆளையா. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது. அவள் குரல் வந்தபோது சின்னப் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரி, சத்தமே இல்லாமல் வந்தது.

"எல, அன்னைக்கு நீ குளிச்சியா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேப்டன் கேட்கவில்லை, சாமியார் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. கயித்தானைத் துணியில் சுற்றிப் படகில் இறக்கிக் கொடுத்துவிட்டு, கப்பல் ஏரியில் நங்கூரம் போட்டு நின்றது. சுற்றிலும் நல்ல தண்ணீர், கரை தெரியாத நல்ல தண்ணீர். கேப்டன் எல்லோருக்கும் ஏரித் தண்ணீர் இறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். கழுத்து எரிந்தது. இரண்டு வாளி. சோப்புப் போட்டேன்.

"குளிச்சேங்கா."

முன்கதவு நடுவில் பிளந்தது. ஒரு கோடு, பிறகு ஒரு சந்து, அதற்குள் ஏரி. வாக்கிடாக்கியில் ஹர்மீத் போசன், போசன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எலாடியோ திரும்பாமலே கையை அசைத்து அவன் ஆட்களை எழுப்பினான், வடத்தைக் கழற்றத் தயாரானார்கள். போனில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது, வழி விடுங்க என்று யாரோ சொன்னார்கள், ஜெனோவா அப்பா அப்பா என்று கூடவே போகிற சத்தம் தூரமாகித் தேய்ந்தது. அக்கா போகவில்லை. அவள் மூச்சு மட்டும் அங்கேயே, போனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கழுதைகள் இழுக்கத் தொடங்கின.